உப்புக்கொத்தியின் கோபம்

கடலோரத்தில் ஒரு முள்ளுக்காடு இருந்தது. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. அந்த மேட்டின் தெற்குச் சரிவில், வெறும் மணலில் சின்னக் குழி பறித்து, துடுக்கி என்ற உப்புக்கொத்திப் பறவை மூன்று முட்டைகள் இட்டிருந்தாள். மணல் நிறத்தில், புள்ளி புள்ளியாக இருக்கும் முட்டைகள். உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. துடுக்கியும் அவள் இணை குட்டையனும் மாறி மாறி அடைகாத்தார்கள்.

துடுக்கி கைப்பிடிக்குள் அடங்கும் பறவை. கோபம் மட்டும் யானை அளவு!

அவளுக்குப் பக்கத்திலேயே ஆலாப் பறவைகள் கூட்டமாக முட்டையிட்டிருந்தன. அதில் வெண்ணி என்பவள் துடுக்கிக்கு உயிர்த்தோழி. பாவம், யார் எது சொன்னாலும் நம்பிவிடுவாள்.

போன ஐப்பசியில் அடித்த புயலில் மணல்மேடு வடக்கே உடைந்துபோயிருந்தது. உடைப்பு வழியாகக் கடல் உள்ளே புகுந்து, காட்டில் இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் குட்டையை உப்பாக்கிவிட்டது. வெளிமான்கள் தண்ணீர் தேடி வெகுதூரம் அலைந்தன. இளங்குட்டிகள் வழியிலேயே சுருண்டு விழுந்தன.

காட்டுக்குத் தலைவன் கருவாலன் என்ற குதிரை. "மேட்டை மறுபடி கட்டியே தீரணும்!" என்று அவன் மார்கழியில் சொன்னான். தையிலும் சொன்னான். மாசியிலும் சொன்னான். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தபோதுதான் வேலை தொடங்கியது. அதற்குள் பறவைகள் முட்டையிட்டுவிட்டன.

காட்டுப்பன்றி மூக்கால் மணலைக் கிண்டி மேடாகக் குவிக்க வேண்டும். மான்கள் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் கொண்டுவந்து மேட்டில் நட வேண்டும். வேர் பிடித்தால் மணல் நிற்கும். நல்ல திட்டம்தான். துடுக்கியும் அதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான்.

ஆனால், பன்றி வந்து மூக்கை வைத்த இடம் எது தெரியுமா? தெற்குச் சரிவு!

துடுக்கி விருட்டென்று பறந்து பன்றியின் முன்னால் நின்றாள்.

"நில்லு! உடைஞ்சது வடக்கே. இங்க என்ன கிண்டுறே?"

"வடக்கே ஒரே சிப்பியும் கல்லும். மூக்கைக் கிழிக்குது," என்றது பன்றி. "இங்க மணல் வெண்ணெய் மாதிரி இருக்கு. இங்கேயிருந்து தள்ளிக்கிட்டே போனா மேடு வந்துரும்!"

"இங்க எங்க முட்டை இருக்கு!"

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"நாலடி முன்னால வெச்சேன்னா உன் குளம்புக்குக் கீழ தெரியும்!"

சத்தம் கேட்டுக் கருவாலன் வந்தான். மான்களும் வந்தன. நரியும் வந்தான். அவன் பெயர் பணிவன். பெயருக்கு ஏற்றபடி தலையைக் குனிந்தே நடப்பான்.

"தலைவரே," என்றாள் துடுக்கி. "மேடு கட்ட வேண்டாம்னு நான் சொல்லலை. குஞ்சு பொரிஞ்சு ஓடற வரைக்கும் வடக்குப் பக்கமா வேலையைப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

கருவாலன் செருமிக்கொண்டான். "பொது வேலைன்னா ஆளாளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், துடுக்கி."

"பன்றி எதை விட்டுக்கொடுத்தது? மூக்கு வலியையா?"

"வாய் நீளுது பாரு!" என்று ஒரு மான் சீறியது. "எங்க குட்டிங்க தண்ணியில்லாம சாகுது. இவ மூணு முட்டைக்கு ஒப்பாரி வைக்கிறா!"

"உன் குட்டி குட்டி, என் குட்டி மண்ணாங்கட்டியா?"

பேச்சு முற்றியது. அப்போதுதான் பணிவன் தலையைத் தூக்காமலே வாயைத் திறந்தான்.

"கோபப்படாதீங்க, எல்லாரும் நம்ம சொந்தம்தானே! அடியேன் ஒரு வழி சொல்றேன். முட்டைங்களை ஒண்ணொண்ணா எடுத்து அந்தத் தாழம்புதருக்குப் பின்னால பத்திரமா வெச்சுடறேன். காவலும் நானே இருக்கேன். இங்க வேலையும் நடக்கும், அங்க குஞ்சும் பொரியும்."

"ஆகா!" என்று கருவாலன் குளம்பைத் தட்டினான். "இதுல்ல யோசனை! இன்னையிலேருந்து நீதான் முட்டைக் காவலன்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. துடுக்கிக்குக் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை.

"நரியையா? முட்டைக்கு நரியையா காவல் போடறீங்க?"

"எதுக்கெடுத்தாலும் குத்தம்!" என்றது பன்றி.

பணிவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் திருந்தி ரொம்ப நாளாச்சு. இப்பல்லாம் நண்டுகூடத் தொடறதில்லை."

பக்கத்தில் நின்ற நண்டு ஒன்று, அதைக் கேட்டதும் சடாரென்று வளைக்குள் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. துடுக்கி மட்டும் கவனித்தாள்.

"வெண்ணி, குடுக்காதே!" என்று அவள் தோழியிடம் கெஞ்சினாள்.

"தலைவரே சொல்றாரே, துடுக்கி. எல்லாருமே சொல்றாங்களே. அத்தனை பேருமா தப்பா சொல்வாங்க?"

நரி முட்டைகளை வாயில் கவ்வி, மெல்ல, மிக மெல்ல எடுத்துப்போனான். பொழுது சாய்வதற்குள் ஆலாக்களின் சரிவு காலியாகிவிட்டது. பன்றி அதன் மேல் உழுதுகொண்டே வந்தது.

துடுக்கி தன் குழியை விட்டு அசையவில்லை. பன்றியின் மூச்சு அவள் இறகில் பட்டது. அவள் இரண்டு சிறகையும் விரித்து, அதன் மூக்கிலேயே நறுக்கென்று கொத்தினாள்.

"மிதிடா பார்க்கலாம்! என்னையும் சேர்த்து மிதி!"

பன்றி திகைத்துப் பின்வாங்கியது. "பைத்தியம்! நாளைக்கு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்!"

மறுநாள் வெண்ணி தன் முட்டைகளைப் பார்க்கப் போனாள். பணிவன் தாழம்புதருக்கு முன்னால் குறுக்கே நின்றான்.

"உள்ளே வராதேம்மா. தாய் வந்து போனா பாம்பு மோப்பம் பிடிச்சு வந்துரும். குஞ்சு வந்ததும் நானே கூப்பிடறேன்."

வெண்ணி திரும்பி வந்து அதை அப்படியே சொன்னாள். துடுக்கிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தாய் வரக் கூடாதுன்னு சொல்றவன் என்ன காவலன்? வா என்னோட!"

குட்டையன் முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டான். இரண்டு தோழிகளும் உயரே பறந்து, புதருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கே முட்டை ஒன்றுகூட இல்லை. உடைந்த ஓடுகள் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன. எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

வெண்ணி காற்றிலிருந்து கல்லைப்போல விழுந்தாள். துடுக்கி அவளைத் தாங்கி, இழுத்துக்கொண்டே கருவாலனிடம் போனாள்.

கருவாலனுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. தானே வைத்த காவல் ஆயிற்றே! எல்லாரையும் கூட்டினான். "தகுந்த சாட்சி இல்லாம காவலன் மேல பழி போடக் கூடாது. பணிவா, நீ என்ன சொல்றே?"

"பாம்பு வந்துச்சு தலைவரே!" என்று நரி விம்மினான். "அடியேன் உயிரைக் குடுத்துப் போராடினேன். இந்தக் காலத்துல இரக்கம் இருக்கறவனுக்கு இதுதான் கூலி! ஒரு சின்னப் பறவை அடிபட்டாக்கூட என் நெஞ்சு தாங்காது..."

கூட்டத்தில் இரண்டு மூன்று மான்கள் "ஐயோ பாவம்" என்றன.

இவர்களிடம் பேசி என்ன பயன்? துடுக்கி மெதுவாக நடந்து நரிக்கு எதிரே வந்தாள். திடீரென்று மணலில் சாய்ந்தாள். ஒரு சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுபட்டது. "கீச்... கீச்..." என்று முனகிக்கொண்டே நொண்டினாள். எதிரியைக் கூட்டிலிருந்து விலக்கிக்கொண்டு போக உப்புக்கொத்திகள் போடும் வேஷம் அது.

"இரக்கம்... இரக்கம்கறது..." நரிக்குப் பேச்சு தடுமாறியது. கண் அவள் சிறகின் பின்னாலேயே போனது. நாக்கு வெளியே வந்தது.

துடுக்கி இன்னும் கொஞ்சம் நொண்டினாள்.

நரி பாய்ந்தான்!

துடுக்கி சர்ரென்று மேலே எழும்பினாள். நரியின் வாய் நிறைய மணல். போன வேகத்தில் உருண்டு, கருவாலனின் காலடியில் போய் விழுந்தான்.



"காப்... காப்பாத்தத்தான் ஓடினேன்!" என்றான் பணிவன்.

"பல்லைக் காட்டிக்கிட்டா?" என்று கேட்டாள் துடுக்கி.

அடுத்த நொடி மான்கள் கொம்பைத் தாழ்த்தின. பன்றி உறுமியது. நரி திரும்பிப் பார்க்காமல் ஓட்டம் எடுத்தான். காட்டின் எல்லை வரை துரத்திவிட்டு வந்தார்கள்.

கருவாலன் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை! உண்மை வெளிய வந்துச்சு. துடுக்கி, நீ கெட்டிக்காரி! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?" துடுக்கியின் குரல் கடல் இரைச்சலையும் மீறி ஒலித்தது. "வெண்ணியோட முட்டை எங்க? அத்தனை ஆலாக்களோட முட்டையும் எங்க? நரி தின்னான்னு சொல்லாதீங்க! நரின்னா தின்னத்தான் செய்வான். அவன் வாயில ஊட்டி விட்டது யாரு? கல்லு குத்துதுன்னு இந்தப் பக்கம் வந்தது யாரு? தையில செஞ்சிருந்தா இங்க ஒரு முட்டைகூட இருந்திருக்காதே, அப்ப தூங்கினது யாரு? நரியை விரட்டிட்டீங்க. சரி. உங்களை யாரு விரட்டறது?"



கருவாலன் தலைகுனிந்தான். பிறகு பன்றியைப் பார்த்து, "வடக்கே போ," என்றான். பன்றியும் போனது. மூக்கில் ரத்தம் கசியக் கசிய, சிப்பிக்கும் கல்லுக்கும் நடுவே மணலைத் தள்ளியது. மான்கள் முள்ளுக் கிளைகளைக் கொண்டுவந்து துடுக்கியின் குழியைச் சுற்றி எட்டவே வேலி போட்டன. யாரும் தப்பித் தவறி அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

மூன்று குஞ்சுகளும் பொரிந்தன. நனைந்த இறகு காய்வதற்குள் பஞ்சு உருண்டைபோல் மணலில் ஓடின. உடைப்பும் அடைபட்டது. கொடி படர்ந்தது. அடுத்த மழையில் குட்டை நிரம்பித் தண்ணீர் இனித்தது.

ஆலாக்கள் மட்டும் அங்கே இருக்கவில்லை. வெண்ணி ஒரு காலையில் தன் கூட்டத்தோடு எழும்பி, வேறு கரை தேடிப் போய்விட்டாள். அடுத்த பங்குனியில் துடுக்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆலாவும் வரவில்லை. கருவாலன் ஆறுதல் சொல்லப் பக்கத்தில் வந்தான். அவள் அவன் முகத்துக்கு நேரே பறந்து, தொண்டை கிழியக் கத்தி விரட்டினாள்.

எளியவரின் கூட்டை மிதித்துக்கொண்டு கட்டுகிற அரண் யாருக்கும் அரண் ஆகாது. முட்டையைத் தின்ற நரியைவிட, அந்த நரியைக் காவலுக்கு வைத்தவர்களுக்கே பாவத்தில் பெரும் பங்கு.