எலுமிச்சம்பழம் வைக்காத வண்டி

பெருந்துறை பைபாஸில் தகரக் கொட்டகை போட்டு, போகிற வருகிற லாரிக்காரர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு லாரிச்சாமி என்று பெயர். அவராக வைத்துக்கொண்ட பெயரல்ல, ஊர் வைத்தது. வயது நாற்பத்தைந்துதான். தாடிகூடக் கிடையாது. ஆனாலும் தொழில் படுத்தவர்களும் வீட்டில் நிம்மதி கெட்டவர்களும் அவரைத் தேடி வந்து, மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள்.

சாமியிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் உடனே உட்காரவிட மாட்டார்.

"உக்கார்றதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்குங்க" என்பார். "நான் குடிச்சுப்போட்டு லாரி ஓட்டுனவன். மில்லு வேலைக்கு சைக்கிள்ல போன ஒரு மனுசன ஏத்திக் கொன்னுபோட்டேன். ஆறு வருசம் ஜெயில்ல இருந்தேன். இனி உக்கார்றதுன்னா உக்காருங்க."

பாதிப் பேர் அப்போதே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சீடர் நாச்சிமுத்துவுக்கு இந்த வழக்கம் பிடிக்கவே பிடிக்காது. சீடர் என்றதும் சின்னப் பையனாக நினைத்துவிட வேண்டாம். ஈரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அறுபது வயது ஆள். அவர் குருவை 'சாமி' என்பார், குரு அவரை 'அண்ணா' என்பார். பதினோரு வருடமாக இப்படித்தான்.

அன்று காலை திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் மனைவியோடு வந்தார். கொட்டகைக்கு நல்ல கூரையாகப் போட்டுத் தருகிறேன் என்று முன்னமே ஆள் விட்டுச் சொல்லியிருந்தவர். சாமி வழக்கம்போலத் தன் கதையைச் சொன்னார். அந்த அம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். மோரைக்கூடத் தொடாமல் இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங் சாமி, அவங்க கேட்டாங்களா? கேக்காததை எதுக்குங்க வலியப் போயிச் சொல்றீங்க?"

சாமி மோர்ப்பானையை மூடினார். "நீங்க வந்த சோலியச் சொல்லுங்கண்ணா."

வந்த சோலி வெளியே வெயிலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. வெள்ளி நிறக் கார். பட்டறையில் பழுது பார்த்து விற்கும் வண்டி எதுவானாலும் நாச்சிமுத்து முதலில் இங்கேதான் கொண்டுவருவார். சாமி தன் கையால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். அதை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்த பிறகுதான் வாங்குகிறவர் கைக்குச் சாவி போகும்.

"பவானிகிட்ட நின்ன லாரிக்குப் பொறத்தால போயிச் சொருவுன வண்டிங்க" என்றார் நாச்சிமுத்து. "இன்சூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு எழுதிக் கைகழுவிட்டாங்க. நான் ஏலத்துல எடுத்தேன். அவங்க செத்துப்போச்சுன்னு எழுதிட்டாச் செத்துப்போயிருமாங்க? ரெண்டு மாசம் எங்கையாலயே தட்டி நிமித்தியிருக்கறேன். நூல் புடிச்சாப்பல நிக்குது பாருங்க."

அதில் பொய்யில்லை. நாச்சிமுத்துவின் கை அப்படிப்பட்ட கை. காயலான் கடைக்குப் போகிற வண்டியைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும்.

சாமி பழங்களோடு எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நாச்சிமுத்துவுக்குத் திக்கென்றது. ஜெயிலிலிருந்து வந்த நாளாய் சாமி அந்த இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சாமி ஸ்டியரிங்கின் நடுவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார்.

"இத்தன மோது மோதியிருக்குது. ஓட்டுனவரு எப்படிங்கண்ணா பொழச்சாரு?"

"ஏர்பேக் விரிஞ்சுதுங்க. அதனாலதான் பொழச்சாரு."

"விரிஞ்சது திரும்ப உள்ள போகுமா?"

"அதெப்படிங்க போகும். புதுசுதான் போடோணும்."

"இதுல இப்ப என்ன இருக்குது?"

நாச்சிமுத்து துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ரோட்டைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"துணி அடைச்சிருக்குதுங்க."

நாச்சிமுத்துவால் நிறுத்த முடியவில்லை, எல்லாம் கொட்டிவிட்டது. புதுசு போட்டால் வண்டி விலைக்குக் கட்டுப்படியாகாது. கிழிந்த மூடியை ஒட்டிப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஏர்பேக் இல்லாத வண்டியில் அதற்கான எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதன் ஒயரைப் பக்கத்து விளக்கின் ஒயரோடு சேர்த்து முடிச்சுப் போட்டாகிவிட்டது; வண்டி கிளம்பியதும் அது அணையும்போது இதுவும் கூடவே சமர்த்தாக அணைந்துவிடும்.

"இதுக்கு முந்தி இப்படிச் செஞ்சதில்லீங்க சாமி. இதுதான் மொதத் தடவ. அதுவும் பொய்யின்னு ஒண்ணும் சொல்லலீங்க. கேட்டாச் சொல்லிப்போடுவேன். ஆரும் கேக்கறதில்லீங்க."

"ஏன் கேக்கறதில்ல?"

நாச்சிமுத்து வாய் திறப்பதற்குள் டவுன்பஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து கலாமணி இறங்கினாள். வண்டியை வாங்கப்போகிறவள் அவள்தான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றும் நர்ஸ். இதே பைபாஸில் ஸ்கூட்டரில் போய், லாரிக்கு ஒதுங்கி இரண்டு தடவை விழுந்தவள். இடது கை இன்னும் முழுசாக நீளவில்லை.

"கும்பிடறேனுங்க சாமி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்டுக்காரரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயிக் காட்டுன்னாருங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். சாமி கையால பழம் வெச்ச வண்டின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்னு இந்த அண்ணன்தான் சொன்னாருங்க. இனிமே லாரியப் பாத்தா எனக்குப் பயமில்லைங்க."

சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பானட்டைத் தடவினாள். கண்ணாடியில் முகம் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

சாமி வண்டியை விட்டு இறங்கினார். கையிலிருந்த நாலு பழங்களையும் திரும்பப் பைக்குள் போட்டார். நேராகக் கொட்டகைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கு அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பின்னாலேயே போய்க் குனிந்து, அவளுக்குக் கேட்காமல் மெல்லக் கெஞ்சினார்.

"சாமி, எடுத்துச் சொன்னா அந்தம்மிணி இப்பவே போயிருவாங்க. ஊரெல்லாம் தெரிஞ்சுபோகும். அடிபட்டதுன்னு தெரிஞ்சபொறகு அதுல ஆருங்க உக்காருவாங்க?"

"நீங்க மொத மொதலா இங்க வந்தன்னிக்கு உங்ககிட்டயும் சொன்னனுங்களா?"

"எதைங்க?"

"குடிச்சது, கொன்னது, ஜெயிலு."

"சொன்னீங்க. நின்னுட்டே கேட்டேன். நல்லா நெனப்பிருக்குது."

"கேட்டுப்போட்டு என்ன பண்ணுனீங்கண்ணா?"

நாச்சிமுத்து திரும்பி வெயிலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"உக்காந்தேனுங்க" என்றார்.

சாமி மோர்ப்பானையைத் திறந்தார். அடுத்த லாரி வந்து ஓரங்கட்டிக்கொண்டிருந்தது.

வெளியே கலாமணி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். நாச்சிமுத்து வெயிலில் கிட்டத்தட்ட ஓடினார். போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி" என்றார். மூச்சு வாங்கியது. "உக்கார்றதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்குங்க."