கும்பாவில் ஊற்றிய கூழ்

முன்னொரு காலத்தில், கழுதைகள் இன்னும் பேச்சை நிறுத்தியிராத காலத்தில், காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அம்மி கொத்துவது அவள் தொழில். தேய்ந்து வழுக்கிப்போன அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருவாள். கூண்டு வண்டிதான் அவள் வீடு. அதை இழுப்பது மூக்கன் என்ற கழுதை. அவளை யாரும் துரத்திவிடவில்லை. யாரையும் பறிகொடுத்துவிட்டும் அவள் வரவில்லை. பாதை பிடித்திருந்தது, போனாள். இதை ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கத்தான் அவளால் முடியவில்லை.

எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரே கேள்வி.

"யாரோட வந்தே?"

"என்னோட நான் வந்தேன். கழுதையோட வண்டி வந்துச்சு."

"அப்ப கூட யாருமே இல்லையா?"

காத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு உளியை ஓங்குவாள். அன்றைக்கு அந்த ஊர் அம்மிகளில் பொறி பறக்கும்.

புங்கமேட்டில் தாயம்மை என்று ஒரு சிநேகிதி கிடைத்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மாமியாரைப் பற்றி வெளியே சொல்லக் கூடாததையெல்லாம் தாயம்மை சொன்னாள். காத்தாயி புறப்படும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

மறு வருஷம் காத்தாயி ஆசை ஆசையாக அந்த வாசலில் போய் நின்றாள்.

தாயம்மை எட்டிப் பார்த்தாள். "யாரும்மா நீ? யாரோட வந்தே?"

காத்தாயி வண்டியைத் திருப்பினாள். ஊர் எல்லைக்கல்லின்மேல் ஒருவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெடிய மந்திரவாதி. கழுத்தில் கருமணி மாலை. அதில் புதிதாக ஒரு மணி பளபளத்தது.

"உன் தாயம்மையின் நட்புதான் இது. தனியாக வருகிறவளை எல்லை தாண்டியதும் ஊர் மறக்கும்படி மந்திரம் போட்டது நான். மறந்த நட்பெல்லாம் என் கழுத்தில் மணி. மணி இருக்கும்வரை எனக்குச் சாவில்லை."

"நீ நாசமாப் போக!" என்றாள் காத்தாயி.

"கீழே பார்."

பார்த்தாள். இரண்டு பாதமும் கல்லாகியிருந்தன.

"ஒருத்தி மறந்தால் பாதம் கல். இன்னொருத்தி மறந்தால் இடுப்புவரை கல். மூன்றாவதாக ஒருத்தி மறந்தால் முழுக்கல். நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் கல்லும் உன்னைப்போல ஒருத்திதான். தப்ப வேண்டுமா? ஊருக்குள் நுழையும்போது என் பெயரைச் சொல், அவனோடு வந்தேன் என்று. போதும்."

காத்தாயி அந்த எல்லைக்கல்லைப் பார்த்தாள். ஊரார் அதில் அரிவாள் தீட்டியிருந்தார்கள். ஆடு கட்டியிருந்தார்கள்.

"சொல்ல மாட்டேன். மூக்கா, ஓட்டுடா!"

அடுத்த ஊர் ஆவாரங்காடு. அங்கே ஒரு சிநேகிதி, அங்கேயும் அதே சிரிப்பு, அதே கண்ணீர், தாமரையிலையில் அதே சோறு. எல்லையைத் தாண்டிய கையோடு காத்தாயி வண்டியைத் திருப்பி வந்து பார்த்தாள்.

"யாரும்மா நீ? யாரோட வந்தே?"

காத்தாயிக்கு இடுப்புவரை கல்லானது.

"என்னை மட்டும் நீ ஏன்டா மறக்கலை?" என்று கழுதையிடம் கத்தினாள்.

"தினமும் உன் சட்டியிலதானே எனக்குத் தண்ணி காட்டுறே? யாராவது எனக்கு இலையில குடுத்தா, இலையோட சேர்த்துத் தின்னுட்டு நானும் மறந்துடுவேன்" என்றது மூக்கன்.

காத்தாயி வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது ஊர் கல்லுப்பாலை. இடுப்புக்குக் கீழே கல்லானவள் இறங்க முடியுமா? வண்டியில் இருந்தபடியே "அம்மி கொத்தலையோ அம்மி!" என்று கூவினாள். அங்கம்மா என்ற வாயாடி தன் அம்மியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து தொப்பென்று வண்டியில் போட்டாள்.

"மகாராணி இறங்க மாட்டீங்களோ? எங்க அம்மிதான் பல்லக்குல வரணுமோ?"

"கால் கல்லாயிருச்சுடி. வேணும்னா தட்டிப் பாரு."

அங்கம்மா தட்டிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மி கொத்தி முடியும்வரை இருவரும் பேசினார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள். மத்தியானம் அங்கம்மா பனையோலைப் பட்டையில் கூழ் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

காத்தாயி அதை வாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஏன் எப்பவும் ஓலை, எப்பவும் இலை? குடிச்சுட்டு எறிஞ்சுட்டுப் போகட்டும்னா? உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு இதுலயா ஊத்துவே?"

"அவளுக்குக் கும்பாவுல குடுப்பேன். நாளைக்கு ஏதாவது போட்டுத் திருப்பிக் குடுப்பா. நீ கும்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"போவேன்தான். போயிட்டுத் திரும்பி வருவேன். வெறும் கும்பாவா கொண்டு வர மாட்டேன். நான் மனுஷிடி!"

அங்கம்மாவுக்கும் கோபம் வந்தது. ஆனால் அது யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. விடுவிடுவென்று உள்ளே போனாள். தான் தினமும் கூழ் குடிக்கும் வெண்கலக் கும்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வராம இருந்து பாரு. ஊர் ஊரா வந்து உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடுறேன்!"

வண்டி எல்லையைத் தாண்டியது. அங்கே மந்திரவாதி மாலையைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். காத்தாயியின் வயிறு கல்லானது. மார்பு கல்லானது. கும்பாவைப் பிடித்த கை மட்டும் கல்லாகவில்லை.

அந்த நேரத்தில் அங்கம்மா வீட்டில் கூழ்ப்பானையைத் திறந்தாள். கையை நீட்டினால் கும்பா இல்லை.

"என் கும்பா எங்கே?"

"எந்தக் கும்பா? நீதான் எங்கயாவது போட்டிருப்பே" என்றான் புருஷன்.

"நான் போடலை, குடுத்தேன்! யாருக்கோ குடுத்தேன்!"

யாருக்கு? நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுப்பைச் சுற்றி வந்தாள். அம்மிமேல் கை பட்டது. புதிதாகக் கொத்தின சொரசொரப்பு. ஆத்திரத்தோடு ஒரு பெயரும் தொண்டைக்கு வந்தது. தெருவில் இறங்கி, எல்லையைப் பார்த்து ஓடிக்கொண்டே கத்தினாள்.

"அடியே காத்தாயி! அம்மி கொத்துற காத்தாயி! என் கும்பா பத்திரம்டி!"

மந்திரவாதி துள்ளி எழுந்தான். "கும்பா கொடுத்தாளா? வீட்டுக் கும்பாவா? திரும்பி வர வேண்டிய பொருள்மேல் என் மந்திரம் ஏறாதே!"

படார் படார் என்று மணிகள் வெடித்தன. காத்தாயியின் உடம்பு கால்வரை மறுபடி சதையானது. பாதையோரத்து எல்லைக்கற்களெல்லாம் பெண்களாக எழுந்தன. எழுந்தவர்கள் அழவில்லை. "என்மேல அரிவாள் தீட்டினவன் எவன்டா?" என்று கேட்டுக்கொண்டே ஊர்களுக்குள் போனார்கள். அன்று பல ஊர்களில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணியில்லாத மந்திரவாதி பிடி சாம்பலானான்.

அங்கம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். காத்தாயி கும்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இப்பத் தர மாட்டேன். வெறுங்கும்பாவா இருக்கு."

"நான் இப்பக் கேட்கலையே" என்றாள் அங்கம்மா.

மறு வருஷம் கும்பா நிறைய மலைத்தேனோடு வந்தது. கூழோடு திரும்பிப் போனது. பிறகு நெல்லிக்காயோடு வந்தது. காத்தாயி கடைசிவரை பாதையிலேயே வாழ்ந்தாள், தனியாகத்தான். தாயம்மை வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் அவள் வண்டியில் ஏறியது, ஆனால் காத்தாயி அவளை ஆசை தீரத் திட்டித் தீர்த்த பிறகு.

அந்த நாட்டு ஊர்களில் யாரும் இப்போது "யாரோட வந்தே?" என்று கேட்பதில்லை. "எப்பத் திரும்பி வருவே?" என்றுதான் கேட்கிறார்கள். மூக்கன் கண்டுவந்து சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு கழுதைகள் பேசவில்லை.