செக்குச் சத்தமும் அரண்மனை முரசும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்கு விசித்திரமான ஆசை வந்தது. "எங்கள் நாட்டில் எதற்கும் கை தூக்கச் சொல்வோம். எந்தப் பக்கம் கை அதிகமோ அதுதான் சட்டம்" என்று கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று ராஜா ஊரைக் கூட்டினார்.

மந்திரி மழவரையர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "அரசே, எண்ணெய்க்காரத் தெருவின் செக்குச் சத்தம் விடியற்காலை உறக்கத்தைக் கெடுக்கிறது. அவர்கள் மாலைக்குள் கோட்டையை விட்டு வெளியேற வேண்டும்."

ஊரே கை தூக்கியது. எண்ணெய்க்காரர்கள் நாலைந்து வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் கை எந்த மூலைக்கு?

"சாமி, தரையில புதைச்ச கல்லுச் செக்கு. அதைப் பேத்துக்கிட்டு நாங்க எங்க போவோம்?" என்று அழுதாள் எண்ணெய்க்காரி பொன்னாயி.

அரசவை விகடன் செவ்வந்திக்கு மனம் கேட்கவில்லை. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. விடியலில் ஊரை முதலில் எழுப்புவது செக்குதானா? யோசிக்க யோசிக்க அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அரசே, அடியேனுக்கும் ஒரு தீர்மானம் உண்டு. செக்குக்கு முன்பே தங்களை எழுப்ப அரண்மனை முரசு முழங்குகிறது. எழ வேண்டியவர் தாங்கள் ஒருவர். உறக்கம் இழப்பவர்கள் நாங்கள் அனைவரும். ஆகவே முரசுக்கு உரியவரும் மாலைக்குள் வெளியேற வேண்டும். கை தூக்குங்கள்!"

முரசு என்றதுமே பாதிப் பேர் கை தூக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் தூக்கினால் தானும் தூக்குகிற ஊர் அது. மழவரையரும் தூக்கியிருந்தார். கூட்டம் எங்கேயோ அங்கே நிற்பதுதான் அவர் பழக்கம்.

ராஜாவின் முகம் வெளிறியது. "எம் பக்கம் ஒருவர்கூட இல்லையா?"

"நாங்க இருக்கோம் சாமி" என்றாள் பொன்னாயி. "முரசு கொட்டினாத்தான் எங்க மாடு எந்திரிக்கும். நீங்க போயிட்டா செக்கை எப்ப பூட்டுறது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"செவ்வந்தி, தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் அறிந்தோம். அச்சமாக இருந்தது. ஏரிக்கு மதகு எங்கே, திருவிழா எப்போது என்பதற்கெல்லாம் கை தூக்குங்கள். ஒருவர் இங்கே வாழலாமா என்பதற்கு மட்டும் இனி எவரும் கை தூக்கக் கூடாது!"

முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியின் கழுத்தில் போட்டார்.

"அரசே, பொன்னாயியிடம் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் வாங்கித் தர வேண்டும்."

"உனக்கு எதற்கு?"

"எனக்கில்லை. மந்திரியாருக்குத் தோள் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மழவரையர் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.