மாதுளை வாய் பிளந்த கதை

அந்தக் காலத்தில், ஆடும் காக்கையும் மரமும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, உப்பளத்தை ஒட்டிய காட்டில் ஒரு மாதுளை மரம் இருந்தது. யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் அதன் பழத்தோல்தான் மருந்து. கூடவே மரம் ஒரு பத்தியமும் சொல்லும்: "தண்ணி காட்டாதீங்க. குடிச்சா இன்னும் போகும்."

பிழைத்தவை எல்லாம் வந்து கும்பிட்டுவிட்டுப் போயின. காக்கை காட்டைக் கூட்டி, மாதுளம்பழத்தின் தலையில் கிரீடமே வைத்துவிட்டது.

செவலை என்ற வெள்ளாட்டுக்கு மட்டும் அந்தக் கிரீடத்தைக் கண்டாலே வயிறு எரியும். போன மழைக்கு அதன் மூத்த குட்டி அந்தத் தோலைத் தின்றுவிட்டு, "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக் கேட்டு, நாக்கு வறண்டு செத்தது. இந்த மழைக்கு இளையதுக்கும் பீச்சல் கண்டு, கண் குழிவிழுந்துவிட்டது.

செவலை யாரையும் கேட்கவில்லை. உப்பளத்துக்காரர் வீட்டுத் தொட்டியில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கிடந்தது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டுபோய்க் குடிக்க வைத்தது. குட்டி குடித்தது, கழிந்தது, மறுபடியும் குடித்தது. மூன்றாம் நாள் துள்ளியது.

காக்கை சிரித்தது. "ஒண்ணு பொழைச்சா அது அதிர்ஷ்டம். மாதுளைக்கு நூறு சாட்சி இருக்கு, தெரியும்லா?"

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொழைச்சவன்தானவே சாட்சி சொல்லுதான்? எம் மூத்தது வந்து சொல்லுமா? செத்ததை எண்ணிப் பாத்தீரா? எண்ணாம எப்படிவே கிரீடம் வச்சீரு?"

அந்த மழை முழுக்கக் காக்கையே எண்ணியது. நோய் கண்ட எல்லாக் குட்டிகளும் தோலைத் தின்றன. தாய் துணிந்து கஞ்சியும் கொடுத்த இருபதில் ஒன்றுதான் செத்தது. பத்தியத்துக்குப் பயந்த இருபதில் ஒன்பது செத்தன.

மாதுளை மெல்லச் சொன்னது: "எந் தோலு பீச்சலைக் கொஞ்சம் அடக்கும். ஒடம்பைவிட்டுப் போன தண்ணியை அது திருப்பித் தருமா, எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு நான் சொல்லவும் இல்ல."

"நீரு சொல்லாத அந்த ஒரு சொல்லுக்கா எம் புள்ளை செத்துச்சு?"

செவலை பின்வாங்கி, ஓடிவந்து முட்டியது. பழம் பிளந்தது. "கிரீடத்தை நீரே வச்சுக்கிடும். ஆனா தொறந்த வாயால சொல்லும், மொதல்ல தண்ணி கொடுங்கன்னு!"

அன்று முதல்தான், தலையில் கிரீடம் இருந்தும், காய்ந்து கிடந்த மாதுளை மழை விழுந்ததும் வாய் பிளந்து நிற்கிறது. செவலையின் மூத்த குட்டி கேட்டதைத்தான் அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.