ரோகன்வின்ட் பெயர்கொண்டோர்

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. சிரிக்காதீர்கள். ஞானம் என்ன பென்சனா, வயது பார்த்துக் கொடுக்க?

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ப் பிள்ளையார் கோயிலில் சனிக்கிழமைதோறும் திருமுறை வகுப்பு நடத்துபவர் மங்களாம்பிகை. அங்கே படிக்க வருபவர் தர்மகுலசிங்கம், முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழும்பவில்லை. கையில் ஒரு தாள்.

"அம்மா, என்ரை பழைய வீட்டுக்காரி ரோகன்வின்ட் அம்மா மோசம் போயிட்டா. திங்கட்கிழமை அடக்கம். பிள்ளை குட்டி இல்லை. என்னைத்தான் பேசச் சொல்லிப்போட்டினம்."

"பேசுங்கோ."

"என்னத்தைச் சொல்ல? ஆசுபத்திரியிலை துணி தோய்ச்ச சீவன். அந்தக் குடும்பப் பெயர் இந்த நாட்டிலேயே அபூர்வம். நூலகத்திலை ரெண்டு நாள் இருந்து தேடினன். அதே பெயரிலை பேர்பெற்ற ஆக்கள் மூண்டு பேர் அகப்பட்டினம்."

தாளை நீட்டினார். பாலம் கட்டிய ஒருவர், வால்வெள்ளி கண்டுபிடித்த ஒருவர், மேடைப் பாடகி ஒருத்தி. இவர்களுக்கும் செத்த மனுசிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"இவையளைச் சொன்னாலாவது அவவுக்கு ஒரு மதிப்பு வரும். அவ எனக்குத் தெய்வம், அம்மா. வெறுமனே அனுப்ப மனம் கேக்குதில்லை."

"அப்பிடி என்ன செய்தவ?"

"அவவின்ரை மேல் அறையிலை இருந்தனான். இங்கை தபால்பெட்டியிலை பெயர் இல்லாட்டி தபால்காரன் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போயிடுவான். என்ரை அகதி மனுவுக்குப் பதில் வரவேணும். அது கைக்கு வராமல் தவணை தப்பினால், பிளேனிலை ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். அப்ப அங்கை நல்ல சண்டை. இண்டைக்கு நான் இருந்திருக்க மாட்டன்."

"ம்."

"பெட்டியிலை பெயர் எழுதிற இடம் ரெண்டு விரல் அகலம். அவவின்ரை பெயரே அதை நிறைச்சு நிண்டது. என்ரை பெயரோ, ஐயோ, ரயில் மாதிரி! மனுசி தன்ரை பெயரை அழிச்சா. மூலையிலை முதல் எழுத்தை மட்டும் விட்டா. மிச்ச இடமெல்லாம் என்ரை பெயர். 'என்னைத் தபால்காரனுக்குத் தெரியும்' எண்டா. ரெண்டாம் கிழமை கடிதம் வந்திட்டுது."

மங்களாம்பிகை பேனாவைக் கேட்டு வாங்கினார். தாளிலிருந்த மூன்று பெயர்களையும் வெட்டி, ஆளுக்கு முதல் எழுத்தை மட்டும் மிச்சம் வைத்தார். தாளை அவரிடமே கொடுத்தார்.

"இப்ப இடம் போதும், ஐயா. அவவின்ரை பெயரை முழுசா எழுதுங்கோ."