முதுகு காட்டாத சவாரி

சங்கத் தலைவர் வைரவநாதனின் கார் பாதி வழியில் படுத்துவிட்டது. வெளியூர்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். சங்கத்துப் பியூன் எசக்கிமுத்து தன் பைக்கோடு வந்து நின்றான்.

தலைவர் முறைத்தார். "எனக்கு முன்னால ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவானா? முதுகு தெரியாம கூட்டிட்டுப் போ, லே."

எசக்கி பணிவாக இறங்கினான். "அப்போ அய்யாவே முன்னால உக்காந்து ஓட்டுங்க. நான் பின்னால ஒடுங்கிக்கிடுதேன்."

தலைவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பள்ளி வாசலில் மேளம் முழங்கியது. தலைவரை முன்பின் பார்த்திராத தலைமையாசிரியர் ஓடிவந்து, பின்னால் இருந்தவன் கழுத்தில் ஆளுயர மாலையைப் போட்டார். ஓட்டிவந்தவரிடம், "வண்டிய ஓரமா நிறுத்துப்பா" என்றார்.

விழா முடிந்ததும் எசக்கி வண்டியிலேயே இருந்த சாவியை எடுத்து நீட்டினான். தலைவர் வாங்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"முதுகு தெரியுமே, அய்யா?"

"தெரிஞ்சா தெரியட்டும். ஓட்டுலே."