மிச்சம் விழாத லட்டு

கல்யாணச் சமையல் பேச வந்த பூசைத்துரை மாஸ்டர் காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தால் எழுப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுபோல் கையிலேயே பிடித்திருந்தார். இப்போதெல்லாம் மண்டபக்காரர்களே சமையலுக்கும் ஆள் வைத்துவிடுகிறார்கள். இந்த ஆவணியில் அவருக்கென்று மிச்சமிருந்த கல்யாணம் இது ஒன்றுதான். கதவோரம் நின்ற மணப்பெண் காந்திமதிக்கு அது புரிந்தது.

அவள் அப்பா சிவனணைந்தபெருமாளுக்கு வேறு கவலை. எத்தனை சீர்த்தட்டு வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்; அது கௌரவம். வந்த தட்டுகளில் லட்டைச் சமமாக வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரியவள் கல்யாணத்தில் மூன்று லட்டு மிஞ்சிவிட்டது. கொடுக்க மனசில்லாத வீடு என்று சம்பந்தியம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

“இதே பிரச்சினைதான் அம்பாசமுத்திரத்துக் கல்யாணத்துலயும்,” என்றார் மாஸ்டர். “நான் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தி இருபது லட்டு பிடிச்சேன் அண்ணாச்சி. ஏழு தட்டு வரட்டும், பதிமூணு வரட்டும், பதினாறே வரட்டும். ஒண்ணு மிஞ்சாது.”

கணக்கில் பி.எஸ்சி. முடித்த காந்திமதி மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஏழுக்கு வகுபட்டது. பதினொன்றுக்கு வகுபட்டது. பதிமூன்றுக்கு ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பது, மீதி இல்லை. ஒன்று முதல் பதினாறு வரை எல்லாவற்றுக்கும் வகுபடுகிற எண்களில் இதைவிடச் சிறியது கிடையாது. மனிதர் விடுவதெல்லாம் புளுகு. எண் மட்டும் அப்பழுக்கில்லாத உண்மை.

பதினாறு தட்டென்றால் தட்டுக்கு நாற்பத்தையாயிரத்துச் சொச்சம் லட்டு ஆகிறதே, யார் தூக்கினார்கள் என்று அப்பா கேட்டார். தட்டுக்கு ஒரு யானை என்றார் மாஸ்டர், கொஞ்சமும் யோசிக்காமல். பூந்தி தேய்க்க வண்டிச் சக்கரம் அளவு கரண்டியாம். எண்ணெய் காய வைத்தது தெப்பக்குளத்தில். நெய் வாசனைக்கு ரயில் தானாகவே நின்று, டிரைவர் இறங்கி இலை போட்டு உட்கார்ந்தாராம். மேற்குமலையைத் தாண்டி எறும்புகள் பன்னிரண்டு வரிசையாக வந்தன. வரிசைக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டு, சண்டையில்லாமல் போய்விட்டன.

“அப்போ கல்யாணத்துக்கு?” என்றாள் அம்மா.

“அது எறும்புக்குன்னு தனியாப் பிடிச்ச இன்னொரு ஏழு லட்சம், மதினி.”

அம்மாவே சிரித்துவிட்டாள். அந்தத் தெம்பில் மாஸ்டர் ஒரு படி மேலே போனார். இந்த எண்ணில் மிச்சம் விழ வைக்கிற தட்டு இன்னும் உலகத்தில் வார்க்கப்படவில்லை என்றார்.

காந்திமதி வெளியாள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. ஆனால் காலமெல்லாம் சொல்லிக்காட்டலைக் கேட்கப்போவது அவள்தான்.

“பதினேழு தட்டு வந்தா அஞ்சு மிஞ்சும்,” என்றாள்.

மாஸ்டர் விரல் மடக்கினார், உதடு அசைந்தது, முகம் வெளிறியது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

“பதினேழுதான் வந்துச்சு தாயி. அந்தப் பதினேழாவது தட்டுக்காரரைக் கையைப் பிடிச்சு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய், மிச்சமிருந்தா தீர்த்துட்டு வாங்கன்னு உட்கார வச்சேன். இருபத்தெட்டு வருஷமாச்சு. இன்னும் தின்னுக்கிட்டு இருக்கார்.”

அப்பா வெற்றிலையை மடித்து மாஸ்டரிடம் நீட்டினார்.

“சமையல் நீங்கதான் மாஸ்டர். ஆனா லட்டு வேண்டாம், கேசரி கிண்டிடுங்க. மிஞ்சினா வழிச்சுக் கடைசித் தட்டுல வச்சுடலாம்.”